பக்கத்துச் சீட்

மதுரை விமான நிலையத்தில் டெல்லி விமானத்துக்கான வரிசை. பெட்டி ஏற்றும் ஊழியர் ஒருவர் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு ஓரமாக நின்றிருந்தார். ஊழியர்களுக்கான இலவச பாஸில் போகிறவர்கள் அப்படித்தான் நிற்க வேண்டுமாம். சீட் மிஞ்சினால்தான் ஏறலாம். மகளுக்கு டெல்லியில் பிரசவ வலி என்றார்.

கடைசி ஆளான நான் கவுன்டருக்குப் போனபோது அவரும் வந்தார். அங்கிருந்த பெண் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஸ்ட்ரைக்ல நின்னவங்க பாஸையெல்லாம் இன்னைக்குக் காலையில நிப்பாட்டிட்டாய்ங்கண்ணே."

"நீ என்ன செய்வ, தாயி," என்றவர், என் கனமான பெட்டியைத் தூக்கி, அடுத்துத் தூக்குகிறவருக்கு வாகாகக் கைப்பிடி வெளியே இருக்கும்படி பெல்ட்டில் வைத்தார்.

விமானத்தில் என் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. கைப்பையை அதில் வைத்தேன். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.