செலரான் விற்ற வாய்

கம்ப்யூட்டர் கடையில் வேலை என்றால் கம்ப்யூட்டரைத் தொடுகிற வேலை என்று நினைக்காதீர்கள். தொடுவது தூசித் துணியைத்தான். கவுன்டருக்குப் பின்னால் கால் கடுக்க நிற்கிற பிள்ளைகளுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

பெல்மதுளைச் சந்தியில் முதலாளி ரியாஸ் நானாவின் கடைக்கு நானும் சுரேஷும் ஒரே நாளில் வந்து சேர்ந்தோம். ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே வகுப்பு. ஓ.எல். பரீட்சையில் அவனுக்கு மெத்ஸ் சி, எனக்கு டபிள்யூ, அதாவது ஃபெயில். அந்த ஒரு எழுத்துக்காக அவன் பின்னறையில் ஸ்க்ரூட்ரைவரோடு உட்கார்ந்தான், நான் முன்னுக்கு நின்று சாமான் விற்றேன். தீபாவளி முடிந்ததும் பலாங்கொடையில் புதுக் கடை திறக்கப்போவதாகவும், எங்கள் ரெண்டு பேரில் ஒருவன்தான் அங்கே டெக்னீஷியன் என்றும் நானா சொல்லியிருந்தார். அந்த வேலை எனக்கு வேண்டும். மறைக்க என்ன இருக்கிறது? அப்போதெல்லாம் சுரேஷ் சும்மா சிரித்தாலே எனக்கு வயிறு எரியும்.

கேஷும் பஸ்ஸும்

கம்ப்யூட்டரின் மூளையைப் ப்ராசஸர் என்போம். எங்களிடம் இருந்தது ரெண்டு வகை: பென்டியம் ஃபோர், செலரான். ஒரே கம்பெனி பெற்ற அண்ணன் தம்பி. ரெண்டிலும் வேகம் 2.4 என்றுதான் போட்டிருக்கும், விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஏன் என்று கேட்டால் விலைப்பட்டியலில் உள்ளதை ஒப்பிப்பேன். பென்டியத்துக்குக் கேஷ் 512, பஸ் 533. செலரானுக்குக் கேஷ் 128, பஸ் 400.

பென்சன் வாங்கிய கணக்கப்பிள்ளை ஒருவர் பேத்திக்காக வந்தார். "செலரான்ல கேஷ் கொறைவுங்க ஐயா, பஸ்ஸும் ஸ்லோங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அவர் சொன்னார்: "கேஷ் எங்கிட்டயும் கொறைவுதான் தம்பி. பஸ் எப்பிடி ஓடுனா எனக்கென்ன, நான் எஸ்டேட் லொறியிலதான் வந்தேன்."

கொத்து ரொட்டி

அன்றைக்கே விலைப்பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். சந்தி ஹோட்டலில் கொத்து போடுவதைப் பார்த்து ஒரு விளக்கம் பிடித்தேன். ரெண்டு பேர் ஒரே வேகத்தில் கொத்துகிறார்கள். ஒருவருக்குப் பக்கத்தில் பெரிய மேசை. முட்டை, அரிந்த கோவா, லீக்ஸ் எல்லாம் கைக்கெட்ட இருக்கிறது. மற்றவருக்கு ஸ்டூல் அளவு மேசை. மிச்சத்துக்கு ஒவ்வொரு தடவையும் பின்னால் சமைக்கிற குசினிக்கு ஆள் போய்வர வேண்டும், போகிற வழியும் ஒடுக்கம். மேசைதான் கேஷ், வழிதான் பஸ். ஒரு தட்டுக்கு வித்தியாசம் தெரியாது. பத்துத் தட்டு ஒன்றாய்க் கேட்டால் தெரியும்.

பின்னறையிலிருந்து இதைக் கேட்ட சுரேஷ், மறுநாள் தன் சொந்த மூளையில் உதித்த மாதிரி நானாவிடம் சொன்னான். நானா அவன் தோளில் தட்டினார். எனக்குக் கிடைத்தது லொறி டிரைவர் ஒருவர்தான். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ருசி ஒண்ணுதானே? அப்ப சின்ன மேசைக்காரனையே கட்டிக் குடு."

ஸ்டிக்கர்

செலரான் வாங்கிய சிங்கள டீச்சர் ஒருவர், பெட்டியின் முகப்பில் பென்டியம் ஸ்டிக்கர் ஒட்டித் தரச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி பென்டியம் வாங்கியிருக்கிறாளாம். முடியாது மிஸ், அது பொய் என்றேன். சுரேஷ் மேசை லாச்சியிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துவந்து, நகத்தால் தேய்த்து அழகாக ஒட்டிக் கொடுத்தான். அடுத்த வாரம் அவனுக்கு ஒரு பெட்டி நிறையக் கொக்கிஸ் பலகாரம் வந்தது. எனக்கு, சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, டீச்சரின் அட்வைஸ் வந்தது: "உள்ள இருக்கறத யாரு மல்லி தொறந்து பாக்கப்போறா?"

ஸ்டூடியோக்காரர்

கலியாண வீடியோ எடுக்கிற ஸ்டூடியோக்காரருக்குப் பென்டியம்தான் சரி. மணிக்கணக்கில் வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலைக்குச் சின்ன மேசை ஆகாது. சுரேஷ் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தான். மூன்றாம் நாளே மனுசன் பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். எங்கள் ஷோகேஸில் ஓடுகிற செலரானை விட மெதுவாம். எனக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது.

சுரேஷ் வேர்க்க வேர்க்க விண்டோஸைத் திரும்பப் போட்டான். நான் எட்டிப் பார்த்தேன். ரேம் 128தான் செருகியிருந்தான். ஷோகேஸ் பெட்டியில் 256. "மேசையப் பெரிசா வச்சிட்டு குசினியச் சின்னதாக் கட்டியிருக்கடா" என்று இன்னொரு ரேமை நான்தான் செருகினேன். பெட்டி பறந்தது. முன்னுக்குத் தூக்கிக்கொண்டு போனது அவன். ஸ்டூடியோக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்: "சுரேஷ் தம்பி கை பட்டாத்தான் மெஷின் சொல் கேக்குது."

டீமேக்கர் மகன்

எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியைப் பார்க்கிற டீமேக்கர் ஐயா, மகன் பிரதீபனோடு வந்தார். பிரதீபன் எங்கள் வகுப்புத்தான். அவன் ஏ.எல். படிக்கப் போகிறான். பென்டியம்தான் வேண்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டான். இத்தனை பெட்டி விற்கிற எனக்கு வீட்டில் கால்குலேட்டர்கூட இல்லை. இவன் பென்டியத்தில் கார் ரேஸ் ஓட்டப்போகிறானா?

"தம்பிக்கு எதுக்குங்க ஐயா?" என்றேன். பாடம் படிக்க, டைப் பண்ண என்றார். "அதுக்கு செலரானே தாராளம். மிச்சக் காசுக்கு ரேம் கூடப் போட்டு, ஒரு பிரிண்டரும் எடுங்க." சொன்னதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. ஆனால் சொல்ல வைத்தது பொறாமைதான். ஐயா தலையாட்டி வாங்கிவிட்டார். பெட்டியைத் தூக்கும்போது பிரதீபன் என் காதுக்குள் சொன்னான்: "நீ ஸ்கூல்லயும் இப்பிடித்தான்டா."

தீபாவளிக்கு முந்தின வாரம்

டீமேக்கர் ஐயா திரும்பவும் வந்தார். சண்டைக்குத்தான் என்று ஒதுங்கினேன். கூடவே ஸ்டோர்கீப்பர், தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர், ஒரு மாஸ்டர். "இந்தத் தம்பி எனக்குத் தேவையில்லாததத் தலையில கட்டப் பாக்கல. அதான் இவங்களையும் கூட்டியாந்தேன்" என்று நானாவிடம் சொன்னார். மூன்று பேரும் என் கையால்தான் வாங்கினார்கள். நானாவின் முகம் மலர்ந்திருந்தது. பலாங்கொடை எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஷட்டர் இழுக்கும்போது நானா சொன்னார்: "பலாங்கொடைக்கு சுரேஷ் போகட்டும். பூட்டுற ஆள் எங்கயும் ஈக்கிறான். நம்பிக்கையா பேசுற ஆள் எனக்கு இங்க முன்னுக்கு வேணும்." அந்த நம்பிக்கையை உடைத்தாலாவது பலாங்கொடைக்கு விடுவாரா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். "நானா, அது நல்ல மனசுல சொன்னதில்ல. பிரதீபனுக்குப் பென்டியம் கெடைக்கக் கூடாதுன்னு பொறாமையில சொன்னேன்." நானா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்: "அதையும் ஒளிக்காம செல்றியே மகன், இதுக்குத்தான் நீ முன்னுக்கு நிக்கணும்!"

கடைப் பிள்ளைகளே, பொறாமையில் பொய் சொல்லியிருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள், உண்மையைச் சொல்லித் தொலைத்ததால் கவுன்டரோடு சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.