காற்றில்லாத அறையில் அணைந்த சுடர்கள்

கொரோனா இரண்டாம் முறை வந்து போன வருடம் அது. அத்தைக்கும் மாமாவுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை மட்டும்தான் திரும்பி வந்தாள். சில மாதம் கழித்து அப்பா போய்த் தன் தங்கையை ஆரணிக்கு அழைத்து வந்து எங்கள் வீட்டு மாடியில் தங்க வைத்தார்.

மாடியறை அதுவரை பட்டு நூல் அடுக்கி வைக்கும் இடமாக இருந்தது. வெயில் பட்டால் சாயம் வெளிறிவிடும் என்று ஜன்னல்களை அடைத்துக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார் அப்பா. உச்சி வெயிலிலும் அங்கே விளக்குப் போட்டால்தான் எதிரில் இருப்பவர் முகம் தெரியும். தாளைக் கிழித்துவிடலாமா என்று அப்பா கேட்டதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள் அத்தை.

அந்த அறையில்தான் அவள் மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கினாள். கண்ணாடி டம்ளரில் சோயா மெழுகை உருக்கி ஊற்றி, நடுவில் திரி நிறுத்தி, வாசனை சேர்த்துச் செய்கிற வகை. எல்லாம் யூடியூப் பார்த்துக் கற்றதுதான். எனக்கு அப்போது பத்து வயது. செல்போனில் வகுப்பு முடிந்ததும் மாடிக்கு ஓடிவிடுவேன்.

ஆரம்பத்தில் ஏற்றியவையெல்லாம் கிணறு வெட்டின. நடுவில் மட்டும் மெழுகு உருகித் திரி குழிக்குள் இறங்கிவிடும். ஓரத்து மெழுகு சுவர் போல அப்படியே நிற்கும். திரி மெல்லியது என்று கண்டுபிடித்துக் கொஞ்சம் தடித்ததாகப் போட்டாள். முதல் தடவை ஏற்றும்போது மெழுகு விளிம்பு வரை உருகுவதற்குள் அணைக்கக் கூடாது என்பதும் தெரிந்தது. அடுத்து கரும்புகை வந்து கண்ணாடியெல்லாம் கறுத்தது. திரியின் நுனியைக் கத்தரித்தபின் அதுவும் நின்றது. ஒவ்வொன்று சரியாகும்போதும் அத்தை முகம் கொஞ்சம் தெளியும். பிழைத்துக்கொள்வாள் என்று அம்மாவே அப்பாவிடம் சொன்னாள்.

பிறகு வந்த கோளாறு வேறு மாதிரி.

ஒரு மத்தியானம் புதிதாகச் செய்தவற்றைத் தரையில், கதவோரத்திலிருந்து தொடங்கி, வரிசையாக ஏற்றி வைத்தோம். ஃபேன் போடவில்லை. கதவும் சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் எரிந்தன. பிறகு கதவோரத்தில் இருந்த சுடர் சுருங்கிப் பயறளவாகி, நீலமாகி, அடங்கியது. அடுத்தது அதன் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்து அதன் பக்கத்தில் இருந்தது. யாரோ கதவிலிருந்து எங்களை நோக்கி மெதுவாக நடந்து வந்தபடி ஒவ்வொன்றாக அணைப்பது போலிருந்தது. கடைசிச் சுடரும் போனபோது அந்த இருட்டில் மாமாவின் வாசனை வந்தது.

மாமா பட்டுப்புடவை வியாபாரம் செய்தவர். வெளியே கிளம்பும்போது காது மடலில் அத்தர் தொட்டுக்கொள்வார். அவர் தூக்கி வைத்துக்கொண்டால் என் சட்டையில் நாள் முழுக்க அந்த வாசனை இருக்கும்.

இருட்டிலிருந்து அத்தை கேட்டாள். "பாப்பா, எதுனா வாசன வருதா?"

"மாமா வாசன வருது அத்த."

அவள் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. ஜில்லென்று இருந்தது. வெகு நேரம் விடவில்லை.

மறுநாள் காலையில் அணைந்த மெழுகின் மேலெல்லாம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தது. காய்ச்சல் விட்டவன் நெற்றி போல வேர்த்திருந்தன அவை. அத்தை திரிகளை மாற்றினாள். அப்பா கதவிடுக்கில் சாக்கை வைத்து அடைத்தார். மறுபடியும் அதே மாதிரி, ஒவ்வொன்றாக. அதே வாசனை.

அம்மா பயந்துபோனாள். "மூச்சு கெடைக்காம போனவருங்க. அவர்தான் வந்துகினு இருக்காரு" என்று அப்பாவிடம் கிசுகிசுத்தாள். அத்தையை எங்காவது அழைத்துப் போய் மந்திரித்துவிட்டு, அந்த அறையைப் பூட்டிவிட வேண்டும் என்றாள். நான் மாடிக்குப் போகக் கூடாது என்றும் சொன்னாள். நெருப்பு எரியக் காற்று வேண்டும் என்று பாடத்தில் படித்திருந்தேன். கிடைக்காமல் போன மூச்சைத்தான் மாமா சுடரிடமிருந்து எடுத்துக்கொள்கிறாரோ என்று தோன்றியது. அதன்பின் எனக்கும் பயம் வந்தது. ஆனாலும் அம்மா அசந்த நேரம் பார்த்துப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

அத்தை அதற்குள் கோளாறு தேடுவதையே விட்டிருந்தாள். மத்தியானமானால் தலை வாரி, நல்ல புடவை உடுத்தி, ஒரேயொரு டம்ளரை ஏற்றி வைத்துக் காத்திருப்பாள். எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கும். சுடர் அடங்கியதும் என்னிடம் அதே கேள்வியைக் கேட்பாள். வாசனை வருகிறது என்பேன். இருட்டில் அவள் சிரிப்பது கேட்கும்.

இதற்கிடையில் சேத்துப்பட்டிலிருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க வேண்டுமாம். பெண்ணின் தகப்பனாருக்கு வீசிங் இருந்ததால் வாசனையே இருக்கக் கூடாது என்றார்கள். அத்தைக்கு இஷ்டமில்லை. கல்யாண வீட்டுக்குக் கொடுத்தது அணைந்துபோனால் என்ன ஆகும் என்று அம்மாவும் தடுத்தாள். ஒன்று செய்து ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் அப்பா.

அதே மெழுகு, அதே திரி, அதே அறை. வாசனை மட்டும் சேர்க்கவில்லை. அம்மா வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. சுடர் ஏறி நின்றது. எப்போதும் அடங்குகிற நேரம் வந்து போயிற்று. பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் ஓய்ந்து பொழுது சாயும்வரை அது இம்மியும் அசையவில்லை.

அப்பா எழுந்து அலமாரியிலிருந்த பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஆற்காட்டில் மாமா வழக்கமாக வாங்கும் கடையிலிருந்து அத்தை வரவழைத்திருந்த அத்தர் அது.

"இத்த எவ்ளோம்மா ஊத்துன?"

"எவ்ளோ ஊத்தினாலும் எனக்கு ஒண்ணும் தெரியலண்ணா."

அத்தர் எண்ணெய் அதிகமாகித் திரியை மூழ்கடித்திருக்கிறது, மெழுகு வேர்த்ததும் அதனால்தான், வேறொன்றுமில்லை என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா. இதற்கா இத்தனை பேஜாரு என்று அம்மா பெருமூச்சு விட்டுவிட்டு டீ போடக் கீழே இறங்கினாள். அப்பா மட்டும் போகவில்லை. அத்தையின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு அளவு தெரியவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் மூக்குக்கு எந்த வாசனையும் எட்டவில்லை என்பதையும், அதை அதுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை என்பதையும், நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

அப்பாவும் இறங்கிப் போனபிறகு அத்தை அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்கி அவரு வரல பாப்பா" என்றாள்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "இனிமே வரவே மாட்டாரு அத்த, பயப்படாத" என்றேன்.

அவள் என்னை விலக்கி, என் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். நல்ல செய்தி சொன்னவளை ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.