தோட்ட மாளிகையில் அவர் சொன்ன பதில்

என் கணவருக்குக் கல்கத்தா துறைமுகத்தில் வேலை. அலிப்பூர் பக்கம் குவார்ட்டர்ஸ். தொண்ணூறுகளின் நடுவில் அங்கேதான் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதம் என்று தனி அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே இவரும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள்.

துணைக்கு வந்திருந்த அம்மா தூத்துக்குடிக்குத் திரும்பியதும் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். குழந்தையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும், "கிளம்பு, எங்கயாவது போய்ட்டு வரலாம்" என்பார். தமிழ்க்காரர்கள் கூடும் கோயிலுக்குப் போனால் ஆளாளுக்குத் துக்கம் விசாரிப்பார்கள் என்று பயம். அதனால் வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன மாளிகைகளுக்கும் தோட்டங்களுக்கும் கூட்டிப்போனார். தூணைத் தட்டிப் பார்ப்பார், தேக்குப் படிக்கட்டைத் தடவிப் பார்ப்பார், உத்தரத்தின் உயரத்தைச் சொல்லி வியப்பார். இந்த மனிதருக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடப்பேன்.

ஒரு குளிர்காலத்தில் சியால்தாவில் லோக்கல் ரயில் ஏறி, பராக்பூர் தாண்டி கங்கைக் கரையில் இருந்த ஒரு தோட்ட மாளிகைக்குப் போனோம். யாரோ ஒரு ஆங்கிலேய வியாபாரி கட்டியதாம். புல்வெளி காடாகிக் கிடந்தது. ரோஜாப் பாத்தி இருந்த இடத்தில் யாரோ முள்ளங்கி போட்டிருந்தார்கள். வீட்டைப் பார்த்துக்கொண்ட வயதான அம்மா கதவைத் திறந்துவிட்டு, அறை அறையாகக் காட்டினாள். மாடியில், ஆற்றைப் பார்த்த சின்ன அறை ஒன்று. ஜன்னலுக்குப் பாதி உயரம் வரை கம்பி அடித்திருந்தது.

"குழந்தைங்க அறை. எட்டிப் பார்த்து விழுந்துடக் கூடாதுன்னு துரை அடிச்சு வெச்சார்" என்றாள் வங்காள மொழியில். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

அவர் அந்தக் கம்பியைப் பிடித்தபடியே சொன்னார்: "ஏக்டி மெயே." ஒரு பெண்.

"கூட்டிட்டு வரலையா?"

"சின்னக் குழந்தை. அலைச்சல் தாங்காது."

அந்த அம்மா சிரித்து, அடுத்த தடவை கூட்டிவரச் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

திரும்பும் ரயிலில் கூட்டமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

வெளியே பார்த்தபடி சொன்னார்: "இல்லன்னு சொல்ல வரல. எங்க போனாலும் யாராவது கேக்கத்தான் செய்றாங்க. ஆபீஸ்ல புதுசா வந்தவர், டீக்கடைக்காரர்... எல்லார்கிட்டயும் இதத்தான் சொல்றேன்."

"எங்கிட்ட சொல்லலயே."

"உங்கிட்ட என்னன்னு சொல்ல?" என்றார். குரல் உடைந்துபோயிற்று. கல்யாணமாகி அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். எதிர் சீட்டில் இருந்தவர் எழுந்து போய்க் கதவருகே நின்றுகொண்டார். நான் இவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். இருந்த அந்தச் சில நாளில் எங்கள் பெண் கண்ணைத் திறந்தாளா என்று கேட்டேன். ஒரு தடவை திறந்தாள் என்றார். எனக்கு அது தெரியாது.

அடுத்த ஞாயிறு நான்தான் கிளம்பச் சொன்னேன், அவளைப் புதைத்த இடத்துக்கு. ஆற்றோரம் சின்னக் குழந்தைகளுக்கு என்று ஒதுக்கிய நிலம். மழைக்குப் பிறகு லாரி லாரியாக மண் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். "ஒரு வேப்பங்கன்னு பக்கத்துலதான்" என்று இங்கும் அங்கும் நடந்தார். கன்றையும் காணோம். கடைசியில் இரண்டு பேரும் பொதுவாக அந்த மண்ணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. மாளிகை பார்ப்பதை நாங்கள் விடவில்லை. தூணையும் படிக்கட்டையும் பற்றி நானும் பேசக் கற்றுக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு தூத்துக்குடிக்கே மாற்றல் வந்தது. தமிழ்க்காரர்கள் எல்லாரும் வாழ்த்தினார்கள். ஹவுரா ஸ்டேஷனில் வண்டி நகர்ந்தபோது அவர் மெல்ல, "அவள விட்டுட்டுப் போறோம்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.