நம்ம மீன்தான் ஜெயிச்சுது

கடைக்காரர் அந்த மீனை ‘ஃபைட்டர்’ என்று சொல்லித்தான் விற்றார். எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. கருநீல உடம்பு, விரித்தால் உடம்பைவிடப் பெரிய வால். தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்தால் ஓடிவந்து முட்டும். இதற்கெங்கே சண்டை போடத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அன்று மீனுக்கு ஒரு செம்பு எடுத்து வைத்த பிறகுதான் எங்களுக்குக் குடம். என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்தச் செம்பைப் பிடித்து வைப்பதும் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுகுமலையில் இருக்கும் கூட்டாளியின் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று மீனைக் கேட்டார். எனக்கு மனசே இல்லை. அவ்வளவு ஆசையாகக் கேட்டதால் பாட்டிலில் விட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் திரும்பி வந்த மீனுக்குப் பாதி வால்தான் இருந்தது.

“பஸ்ஸு குலுங்குன குலுக்குல பாட்டில்ல உரசிருக்கும்ட்டி. அழாத, சரியாயிரும்,” என்றார்.

நம்பினேன். மீன் இரை எடுக்காமல் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. காய்ந்த பாதாம் இலையைத் தண்ணீரில் போட்டால் புண் ஆறும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். எங்கெங்கோ அலைந்து கை நிறையப் பொறுக்கி வந்தார். தொட்டி முன்னால் என்னோடு உட்கார்ந்து, “இன்னைக்குக் கொஞ்சம் தேவல போலருக்கு,” என்பார். இப்படி ஒரு மனுசன் யாருக்குக் கிடைப்பான் என்று அக்காவிடம் போனில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

வால் மறுபடி வளரத் தொடங்கியிருந்தது. அந்தக் கூட்டாளி, என் நம்பரும் தன் போனில் இருப்பதை மறந்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பழைய வீடியோவைப் போட்டார். வாளிக்குள் இரண்டு மீன்கள். ஒன்று சிவப்பு, மற்றது என்னுடையது. சிவப்பு மீன் அதன் வாலைக் கவ்விக் கிழிக்க, சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். எல்லாருக்கும் மேலே ஒரு குரல்: “விடாதலே, திருப்பிக் கடிலே.” அது யார் குரல் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

போனை அவர் முன்னால் நீட்டினேன். முழுசாகப் பார்த்தார்.

“சும்மா வெளையாட்டுக்கு விட்டோம்ட்டி. கடைசில நம்ம மீன்தான் ஜெயிச்சுது.”

சண்டைக்கு விட்டதைக்கூட ஒருவேளை மன்னித்திருப்பேன். இலை பொறுக்கி வந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மீன் தேறிவிட்டது. விரலை வைத்தால் இப்போதும் வருகிறது. நேற்று எனக்குத் தலைவலி. கேட்காமலேயே சுக்குக் காப்பி போட்டு வந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். என்ன செய்துவிட்டு வந்திருக்கிறாரோ என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.