வேதாரண்யத்துக்கு, வெப்ப முள்ளைப் பார்த்துக்கொண்டே

சனிக்கிழமை, காலை 6.10. தஞ்சாவூரில் ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு மன்னார்குடி சாலையைப் பிடித்தோம். திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். நூறு கிலோமீட்டரெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். என் காருக்கு அது பெரும் பயணம். ஊருக்குள் ஓட்டினால் பரம சாது. நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் போதும், வெப்பம் காட்டும் முள் கிடுகிடுவென்று ஏறி, பானட்டிலிருந்து ஆவி வரும்.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று. ஒருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இன்னொருவர் வாட்டர் பம்ப்பை மாற்றினார். மூன்றாமவர் இன்ஜினையே இறக்க வேண்டும், முப்பத்தைந்தாயிரம் ஆகும் என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வண்டியை விற்றால்தான் தூக்கம் வரும் போலிருந்தது.

"இந்தத் தடவை கொதிக்காம வேதாரண்யம் போய்ச் சேந்துட்டா வண்டி இருக்கட்டும். கொதிச்சுதுன்னா திங்கக்கிழமை புரோக்கர் வருவாரு" என்றார்.

"பாத்துடலாம்" என்று சவால் விட்டேன். என் சம்பளத்தில் சேர்த்து வாங்கிய கார் அது. அவருக்கு ஓட்டத் தெரியாது. திருப்பனந்தாள் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவைப் பார்க்கத் தோன்றினால், யாரையும் கேட்காமல் சாவியை எடுத்துவிடுவேன்; வழியில் நிறுத்தி வண்டியை ஆறவிட்டாவது போய்ச் சேர்ந்துவிடுவேன். கார் போய்விட்டால் கும்பகோணத்தில் பஸ் மாற வேண்டும்; கடைசி பஸ்ஸுக்குப் பயந்து பாதிப் பேச்சில் எழுந்து வர வேண்டும். விடுவேனா?

6.50. வடுவூர். ஏரி நிறையப் பறவைகள். இறங்கிப் பார்க்க ஆசைதான், ஆனால் முள் சமர்த்தாக நடுவில் நிற்கும்போது நிறுத்த மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. மெஷின்கள் கிளப்பிய தூசு சாலை மேல் புகையாகக் கிடந்தது. நான் சந்தோஷத்தில் பாடிக்கொண்டே ஓட்டினேன். அவர் பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் மாதிரி முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

7.20. மன்னார்குடி. இட்லி, வடை, காபி, இருவருக்கும் நூற்று நாற்பது ரூபாய். சட்னி பிரமாதம். முள் அதே இடத்தில்தான் இருந்தது.

8.15. கோட்டூருக்குச் சற்று முன்னால் முள் அசைந்தது. ஏசியை அணைத்தேன். ஜன்னல்களை இறக்கி, இன்ஜின் சூட்டை உள்ளே இழுக்கட்டும் என்று ஹீட்டரைப் போட்டேன். கால் இரண்டும் வெந்தன. இரண்டு கிலோமீட்டர் தாக்குப்பிடித்தது, பிறகு ஆவி கிளம்பிவிட்டது. ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தினேன்.

"சரி, புரோக்கருக்குப் போன் போட்டுடவா?" என்றார். குரலில் வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

வயலோரம் ஓர் அறுவடை மெஷின் நின்றது. அதன் ஓட்டுநர் ஆத்தூர்க்காரர், அறுப்புக் காலத்தில் வருஷா வருஷம் இந்தப் பக்கம் வருபவராம். காற்றடிக்கும் ப்ளோயரால் மெஷினின் ரேடியேட்டரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர், அதைக் கையில் பிடித்தபடியே எங்களிடம் வந்தார்.

"ரேடியேட்டர் மூடியைத் தொறந்துடாதீங்கக்கா, மூஞ்சி வெந்துடும். தூரமாப் போனா மட்டும்தான் ஏறுதா?"

"ஆமாங்க."

"ரோட்டுல உளுந்து பரப்பியிருந்தா மேல ஏத்திட்டுப் போவீங்களா?"

அம்மா ஊரில் சித்திரை மாதம் பறித்த உளுந்துச் செடிகளைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடையும். அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் திருப்பிக்கொண்டு வந்து இரண்டாம் தடவையும் ஏற்றுவேன். அதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அதான்க்கா. சருகெல்லாம் உள்ள போய் அடைச்சிருக்கும்."

"அதெல்லாம் இருக்காது" என்று வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "வாராவாரம் ஞாயித்துக்கிழமை நானே தண்ணி பீச்சிக் கழுவுறேன். பாருங்க, முன்பக்கம் பளபளன்னு இருக்கு."

"எந்தப் பக்கத்துலேருந்து அடிப்பீங்கண்ணே?"

"முன்னாலேருந்துதான்."

"சரியாப் போச்சு. முன்னால தெரியுற வலை ஏசியோடது, அதுக்குப் பின்னால ரேடியேட்டர். நீங்க அடிச்ச தண்ணி அத்தனை குப்பையையும் ரெண்டுக்கும் நடுவுல கொண்டுபோய்த் திணிச்சிருக்கு. காத்து எப்படி உள்ள போவும்? ஊருக்குள்ள மெதுவாப் போனா சமாளிக்கும். தூரம் போனா தாங்காது."

முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். பிறகு அவர் மேல் போல்ட்டுகளைக் கழற்றி, ரேடியேட்டரை இன்ஜின் பக்கம் மெல்லச் சாய்த்தார். நடுவில் தலையணைப் பஞ்சு போல அடைந்து கிடந்தது: உளுந்துச் சருகு, நெல்லுத் தூசு, வைக்கோல் துணுக்கு. கையாலேயே வழித்தேன், அரை முறம் தேறியது. மிச்சத்தை அவர் இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி ஊத, அது நேராகப் போய் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில் அப்பியது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

ரேடியேட்டரை நிமிர்த்தி முடுக்கி, டிக்கியில் இருந்த கூலன்டை ஊற்றி மூடினார். பணம் வேண்டாம் என்றார். "இதை நாங்க ஒரு நாளைக்கு நாலு தடவை பண்றோம்க்கா" என்று சொல்லிவிட்டு வயலில் இறங்கினார்.

9.35. மறுபடியும் கிளம்பினோம். ஏசியைப் போட்டேன், வேகத்தைக் கூட்டினேன். திருத்துறைப்பூண்டியில் முள் நடுவில். கடல் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கியபோதும் நடுவில். வீட்டுக்காரர் வழியெல்லாம் சட்டையில் ஒட்டிய சருகைப் பிய்த்துக்கொண்டே வந்தார்.

10.50. வேதாரண்யம். உப்பளங்களின் வெண்மையில் கண் கூசியது. எங்கள் பக்கம் வரப்பு கட்டி நெல் விளைவிக்கிறோம், இங்கே வரப்பு கட்டி உப்பு விளைவிக்கிறார்கள். ஊர் வந்து சேர்ந்ததும் என் தைரியம் வடிந்துவிட்டது. சவால் சவால்தானே.

"வழியில கொதிச்சதென்னவோ கொதிச்சதுதாங்க. நீங்க ஜெயிச்சுட்டீங்க" என்றேன்.

அவர் போனை எடுத்தார்.

"புரோக்கர் சாரா? திங்கக்கிழமை வராதீங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு. கழுவுறவன்தான் சரியில்ல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வழக்கம்போலக் குழாயை இழுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றார். பிறகு குழாயைக் கீழே போட்டுவிட்டு, பானட்டைத் திறந்தார்.