பாபின் டப்பாவுக்குள் போன மாத்திரை

தையல்காரருக்கு வயிற்றில் புற்றுநோய். முதலில் கொடுத்த மருந்துக்கு அது மசியவே இல்லை. அதனால் டாக்டர் இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஊசி, வீட்டில் மாத்திரை. ஊசிக்கு மனுஷன் ஒழுங்காகப் போனார். மாத்திரைதான் வம்பு. போட்டால் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. ஒருநாள் வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டையில் ரத்தம் பட்டுவிட்டது. அந்த ஆள் பார்த்த பார்வையில் இவர் கூனிக் குறுகிப்போனார். அன்றிலிருந்து மாத்திரை வாய்க்குள் போகவில்லை, தையல் மிஷினின் அடிநூல் சுற்றும் பாபின் டப்பாவுக்குள் போனது.

இப்போது ஸ்கேனைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டும் சேர்ந்தும் கேக்கலை. இதை நிறுத்திட வேண்டியதுதான்."

"இன்னும் கொஞ்ச நாள் பாருங்க டாக்டர்," என்று மனைவி கும்பிட்டாள். "ஒரு வேளைகூட இவர் தவறவிடலை. அதுக்கு நான் சாட்சி."

அந்தச் சாட்சிதான் அவரைச் சுட்டது.

"மாத்திரையை நான் போடலை," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. காரணத்தையும் சொன்னார்.

மனைவி கும்பிட்ட கையை இறக்கினாள். "அடிநூல் இல்லாம மிஷினை மிதிச்சா தையல் விழுமா? இதை உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"விரல் உரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேனே," என்றார் டாக்டர். "சரி, குறைச்சுத் தரேன், மறுபடி ஆரம்பிப்போம். கையைக் காட்டுங்க."

புண்ணே இல்லாத, வழவழவென்ற கை. அதை மேஜைமேல் வைக்க அவருக்குக் கூசியது. மனைவிதான் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வைத்தாள்.