டப்பாவோடு குப்பைக்குப் போன காகிதம்

சிம்மக்கல் மருந்துக்கடையில் பார்மசிஸ்டாகச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை மருந்து எடுப்பதல்ல, பொட்டலம் மடிப்பது. ஆணுறையோ கருத்தடை மாத்திரையோ யாராவது கேட்டால், டப்பாவைப் பிரித்துக் குப்பையில் போட்டுவிட வேண்டும். உள்ளே இருப்பதை மட்டும் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்பு கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். "வாங்குறவங்களுக்குக் கூச்சமா இருக்கும்லம்மா" என்பார். நல்ல மனிதர். அதுதான் சிக்கலே.

கேட்கிறவர்கள் மட்டும் என்ன? இருமல் மிட்டாய் வாங்குவார்கள். கடை காலியாகும்வரை பற்பசை விலையைப் படிப்பார்கள். பிறகு முதலாளியிடம் போய், "அண்ணே, அது ஒண்ணு" என்பார்கள். எது என்று நான் கேட்டால் ஆளே இருக்கமாட்டான். போனில் உலகத்தையே பார்க்கிறவர்களுக்குக் கவுண்டரில் ஒரு சொல் வராது.

கடைக்குப் பின்தெருவில் பிரியா என்று ஒரு பெண். பி.ஏ. முடித்து, கல்யாணமாகி, போலீஸ் வேலைக்கு எழுதியவள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த மாதம் உடல்தகுதித் தேர்வு, அதில் ஓட்டம். அதற்காக விடியற்காலையில் வைகைக் கரையோரம் ஓடிப் பழகுவாள். கணவன் செல்வத்துக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. லீவுக்கு வந்து போவான். வேலை கிடைக்கும்வரை பிள்ளை வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவன்தான் முதலாளியிடம் மாத்திரை வாங்கிப் போவான்.

ஒரு நாள் பிரியா வாந்திக்கு மாத்திரை கேட்டு வந்தாள். நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் வாய்ப்பில்லக்கா. மாத்திர போடுறேன்ல."

"தினமும் போடுறியா?"

"தினமும் எதுக்கு? அவரு வார அன்னைக்கு மட்டும் போட்டுக்கிருவேன். காய்ச்சல் வந்தாத்தானக்கா காய்ச்சல் மாத்திர போடுறோம்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "டப்பாக்குள்ள ஒரு காகிதம் இருக்குமே, தினமும் ஒண்ணுன்னு தமிழ்லயே போட்டிருக்கும்ல?"

"டப்பாவா? உங்க கடையில பேப்பர்ல சுத்தித்தானக்கா குடுக்குறாங்க."

கர்ப்பப் பரிசோதனை அட்டையைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் வந்து, இரண்டு கோடு என்றாள். "இத வச்சுக்கிட்டு ஓடலாமாக்கா?" என்றுதான் கேட்டாள். டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். முடியாது என்று என் வாயால் சொல்ல மனம் வரவில்லை.

அவள் போனதும் முதலாளியிடம் கத்தினேன்.

"நா என்னம்மா தப்பு செஞ்சேன்? தெருவுல அம்புட்டுப் பேரு பாக்க, அந்தத் தம்பி டப்பாவோட எப்பிடிப் போகும்?" என்றார்.

அந்த வாரம் செல்வத்தின் அம்மா கடைக்கே வந்து இனிப்பு கொடுத்தார். முதலாளி சந்தோஷமாக வாங்கிச் சாப்பிட்டார். என் பங்கை நான் கவுண்டரிலேயே வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் டப்பாவைப் பிரிப்பதில்லை. எப்படிப் போடுவது, மறந்தால் என்ன செய்வது, மாத்திரை பிள்ளையைத்தான் தள்ளிப்போடும், நோயைத் தடுக்க ஆணுறைதான் வேண்டும் என்று எல்லாவற்றையும் கவுண்டரிலேயே சொல்லித்தான் கொடுக்கிறேன். "மெதுவாச் சொல்லுங்கக்கா, ஆளு நிக்கிறாங்க" என்று இளைஞர்கள் நெளிவார்கள். நெளியட்டும். சிலர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். முதலாளி இன்னும் முணுமுணுக்கிறார். வாங்குகிறவரின் கூச்சத்தைக் காப்பாற்றிவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. நான் கற்றது அவ்வளவுதான்.

ஓட்டம் நடந்த அன்று காலையில் பிரியா கடைக்கு வந்தாள். டாக்டர் எழுதிய சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

"இதத் தினமும் போடணுமாக்கா?" என்று கேட்டாள்.